பாச்சை உருண்டை வாசனை

மாப்ள,

உன் வேட்டியில் பாச்சை உருண்டை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. கண்மாய்க் கரையில் விளக்கு வைத்து, அந்துப்பூச்சிகள் வந்து உட்காரக் கட்டுவோமே, அந்த வேட்டிதான். நீ போன பிறகு உன் மனைவி அதைத் துவைத்து மடித்து, உருண்டை போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறாள். "பூச்சி அரிச்சிரக் கூடாதுல்லண்ணே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நேற்று பொழுது சாய்ந்ததும் சமயநல்லூர்க் கரையில் கட்டினேன். ஒன்றுகூட வரவில்லை. பாதிக் கரையை மழித்து, உயரமாக விளக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். மீதிப் புதரும் இந்த மாதம் போய்விடும். இங்கே இன்னின்ன பூச்சி வாழ்கிறது என்று படத்தோடு காட்டினால்தான் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கவாவது முடியும். உருண்டை வாசனைக்குத்தான் வரவில்லை என்று நம்பப் பார்க்கிறேன். வேட்டியை மறுபடி அலசிக் காயப்போட்டேன். வேறு என்ன செய்ய?

ஊர்க்காரர்களை, பூச்சியைக் கண்டால் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொன்ன புதிதில், கரையோர டீக்கடைப் பாண்டி கொசு பேட்டால் அடித்துவிட்டுத்தான் கூப்பிடுவார். "அண்ணே, ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன், வந்து பாருங்க." நான் தலையில் அடித்துக்கொள்வேன். நீயோ, "அடிச்சாலும் கூப்பிட்டாருல்ல மாப்ள" என்பாய். செத்ததை உள்ளங்கையில் வாங்கி, அதன் பெயரை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பாய்.

இப்போது யாரும் அனுப்புவதில்லை. நான் கேட்டால் "பாப்போம் சார்" என்கிறார்கள். உன் வாயும் எனக்கில்லை, பொறுமையும் இல்லை. கோபம் கோபமாக வருகிறது, உன்மேலும்தான். இத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை அதில் ஒரு படம் வந்தது. பாண்டி அனுப்பியிருந்தார். கடைச் சுவரில் இறக்கை விரித்து ஒரு பூச்சி, பச்சையும் பழுப்புமாக. "அண்ணே, அடிக்கல. உசுரோட இருக்கு. இது பேரு என்ன?"

உடனே கூப்பிட்டேன். "அவன் இல்லைன்னு தெரியும்ல பாண்டி?"

"தெரியும் சார். வேற எந்த நம்பருக்கு அனுப்ப?"

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பெயர் தெரியவில்லை மாப்ள. கரைக்காகக் காட்ட இந்த ஒன்றுதான் இருக்கிறது, இதுவும் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

காயாத வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். நீ எப்போதும் அனுப்புவதையே உன் போனிலிருந்து பாண்டிக்கு அனுப்பினேன்.

"அப்படியே இருக்கட்டும். வாரேன்."