நான் போகாத கச்சேரி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக் கொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், போன வியாழக்கிழமை அப்படித்தான் மாற்றினேன். உன் முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு புகார்க் கடிதத்தை வாசித்துக் காட்டி, கச்சேரிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரிலிருந்து உன்னை இறக்கிக் கேபிள் சுருட்ட விட்டிருக்கிறார் என்று சொன்னாயே, அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும், முழுசாக வாசித்துவிட்டுக் கோபப்படு.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ரசிகர் வட்டத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்கிறோம் என்று நீ கேட்டதும் இல்லை நான் சொன்னதும் இல்லை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தையல்காரரின் கடைக்கு மேல் மாடி அறையில் கூடுகிறோம். ஏழெட்டுப் பேர். துணி வெட்டும் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போடுவார், கால் வைக்கிற இடமெல்லாம் துண்டுத் துணி, எழுந்து போகும்போது ஆளுக்கு நாலு நூல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரண்டு வாரத்தில் யார் எந்தக் கச்சேரிக்குப் போனார்களோ அவர்கள் சொல்ல வேண்டும், போகாதவர்கள் கேள்வி கேட்க வேண்டும். பிரமாதம், அருமை, சொல்ல வார்த்தையில்லை, இந்த மூன்றுக்கும் தடை. வார்த்தை இல்லேன்னா எதுக்குப்பா மாடி ஏறி வந்தீங்க என்று தையல்காரர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். ஆனால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமே. சமீபத்தில் ஒரு வயலின் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தார். வாசித்தவருக்குச் சட்டை அக்குளில் பிடித்ததாம், அதனால் வில்லை முழுசாக இழுக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் நாலு விரற்கடை முன்னாலேயே திருப்பிவிட்டாராம், இடைவேளையில் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் வாசிப்பே மூச்சு விட்டதாம். எல்லோரும் சிரித்தோம். கூடப் போயிருந்த மருந்துக்கடைக்காரம்மா சிரிக்கவில்லை, இடைவேளைக்கு அப்புறம் நாதம் நீண்டது நிஜம்தான், நான் சட்டையைக் கவனிக்கலை, அவ்வளவுதான் என்றார். இப்படித்தான் எங்கள் பொழுது போகும். அப்பா எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் காது கமிட்டி.

இதையெல்லாம் நோட்டில் எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று சேர்ந்த அன்றே என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு, வம்பே அதில்தான். யார் போய்க் கேட்டுவிட்டு வந்தாலும் நோட்டில் நான் கேட்டேன் என்றுதான் எழுத வேண்டும். இன்னார் போனார், இன்னார் சொன்னார் என்று எழுதக் கூடாது. யாரு போனாலும் நம்ம எல்லாரோட காதும்தான் போயிட்டு வந்திருக்கு என்பார் தையல்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாகப் போகாத கச்சேரிகளை எல்லாம் போனமாதிரி எழுதி எழுதி, எது நான் போனது எது போகாதது என்று பழைய பக்கங்களைப் புரட்டினால் எனக்கே தெரியவில்லை.

இப்போது பல் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவரும் அவர் மனைவியும் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடத் தெரியாது. அந்தம்மா கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர், கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இவர்கள் போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக்கு என்று உன் பக்கம் வந்தபோது, ஒரு பாடகியின் கச்சேரி நடக்கிறதென்று கேள்விப்பட்டுக் கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்த சனிக்கிழமை டாக்டர் இருபது நிமிஷம் விடாமல் பேசினார். பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை, டிரம்ஸ் மண்டையில் அடித்தது, கீச்சென்று ஒரு சத்தம் காதைக் கிழித்தது, வயலின்காரர் வாசிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவேயில்லை. அந்தப் பாடகி எங்கள் எல்லோருக்கும் உசத்தி. மாடியே கொதித்துப் போய்விட்டது. இதை நோட்டில் எழுதினால் மட்டும் போதாது, அமைப்பாளர்களுக்கே எழுத வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வேலை உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் எழுதிய புகார்களை வாசித்தவள். எந்தப் புகாரை மேலே அனுப்புவார்கள், எதைக் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பொதுவாகத் திட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஒரு ஆளைக் குறித்துச் சொல்ல வேண்டும், வாசிக்கிறவனுக்கு இரண்டு வரியாவது மனப்பாடம் ஆக வேண்டும். அப்படி எழுதினேன். வழக்கம்போல நான் கேட்டேன் என்றே எழுதினேன். 'மிக்ஸரில் ஆளை உட்கார வைக்குமுன் அவருக்குக் காது கேட்கிறதா என்று ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது' என்று முடித்தேன். மாடியில் வாசித்துக் காட்டியபோது கை தட்டினார்கள். வட்டத்தின் பெயரைப் போட்டுக் கீழே எல்லோரும் கையெழுத்து வைத்தோம், அமைப்பாளர்கள் அதை அப்படியே உன் முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அத்தனை கையெழுத்தில் என்னுடையது அவருக்கு எங்கே புரியப் போகிறது.

வியாழக்கிழமை நீ போன் பண்ணியபோது நான் துவைத்த துணியை மடித்துக் கொண்டிருந்தேன். யாரோ பெரிய மேதாவிம்மா, எனக்குக் காது டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்காரு என்று சிரித்துக்கொண்டே அந்த வரியை அப்படியே சொன்னாய். ஒரு எழுத்து மாறவில்லை. நான் எழுதியபோது நினைத்த மாதிரியே அது மனப்பாடம் ஆகியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னாய். எந்தப் பாடகி என்று கேட்டேன், சொன்னாய். அப்படியா என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம்தான் நீ மிச்சத்தைச் சொல்லியிருக்கிறாய், மூன்று மாத டூருக்கு உன்னை மிக்ஸரில் போடுவதா கேபிளோடு அனுப்புவதா என்று மாசக் கடைசியில் முதலாளி முடிவு செய்வார் என்று. உனக்கு நாலு வயசில் காதில் சீழ் வைத்து, மூன்று மாதம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டு, மடியில் தலையைச் சாய்த்துப் பத்து நிமிஷம் அசையாமல் பிடித்துக் கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காதைத்தான் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா, நல்லாத்தான் எழுதியிருக்கே என்றார். அது கேலியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக் கொண்டிருந்தார், அந்தம்மா மட்டும் வெளியே இருந்தார். அன்றைக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். இதை எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை பார், சட்டையின் அக்குள் வரைக்கும் கேட்கிறவர்கள் இதைக் கேட்கவில்லை. கடைசி நேர டிக்கெட் என்பதால் இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைக்கவில்லையாம். டாக்டருக்கு முதல் வரிசையில் இடது கோடி, நேர் எதிரே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அந்தம்மாவுக்குப் பதினைந்தாவது வரிசையில் நடு நாற்காலி. உங்களுக்கு எப்படிக் கேட்டது என்றேன். மேஜையில் இருந்த டோக்கன்களை அடுக்கிக்கொண்டே, எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு, முதல் ரெண்டு பாட்டுல ஒரு கீச்சு வந்துச்சு, யாரோ உடனே சரி பண்ணிட்டாங்க, அப்புறம் அவங்க பாடறதுக்கு முன்னாடி மூச்சு எடுக்கறதுகூட எனக்குக் கேட்டுச்சு என்றார். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அவரு ஆரம்பிச்சுட்டாரு, நீங்களும் எழுத ஆரம்பிச்சுட்டீங்க என்றார். என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் குத்தியதில்லை.

வீட்டுக்கு வந்து எனக்கு முன்னால் எழுதியவர்களின் நோட்டுகளையும் சேர்த்து ஆறு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைக் செட், ஸ்பீக்கர், மிக்ஸர் என்று எங்கெல்லாம் வருகிறதோ பென்சிலால் கோடு போட்டேன். நாற்பத்து மூன்று இடம். நாற்பத்து மூன்றும் குறைதான். நன்றாகக் கேட்ட நாளில் எல்லாம் பாடியவரைப் புகழ்ந்திருக்கிறோம், மண்டபத்தைப் புகழ்ந்திருக்கிறோம், ஒரு இடத்தில் மழையைக்கூடப் புகழ்ந்திருக்கிறோம். நீ பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாய். யாராவது கேட்டால் பையன் எலக்ட்ரானிக்ஸில் இருக்கிறான் என்றுதான் நான் சொல்லி வந்திருக்கிறேன். வட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, இரண்டில் எது மோசம் என்று நீயே வைத்துக்கொள்.

திருத்தி ஒரு கடிதம் எழுதலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். அம்மா என்று சொல்லி எழுதினால் அதற்கு மதிப்பே கிடையாது, எங்கள் அலுவலகத்தில் வீட்டு மனிதர்களுக்காக யாராவது எழுதினால் பாதி வாசிக்கும்போதே சிரிப்பார்கள். சொல்லாமல் எழுதினால் அது இரண்டாவது பொய். அப்பா, நீ சும்மா இருந்தாலே அவன் தேறிடுவான் என்றார். சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை மாடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், அந்த மிக்ஸரில் இருந்தது என் மகன், அதற்காகச் சொல்லவில்லை, போகாத நான் போனதாக எழுதினேன், அதற்காகச் சொல்கிறேன் என்று. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மகன்னு தெரிஞ்சதும் ஸ்பீக்கர் நல்லாயிடுச்சா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அப்போதுதான் அந்தம்மா எழுந்து நின்றார். நான் எழுதறேன், நான்தானே நடுவுல உட்கார்ந்திருந்தேன் என்றார். தையல்காரர் ஒரு துண்டுச் சீட்டும் அளவு குறிக்கிற பென்சிலும் கொடுத்தார். ஐந்து வரி. வரிசை எண், நாற்காலி எண், முதல் இரண்டு பாட்டில் வந்த கீச்சு, பிறகு கேட்ட மூச்சு, கீழே அவர் கையெழுத்து. கீச்சை விட்டுவிடலாமே என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன். சொல்லவில்லை. டாக்டர் இரண்டு நாள் முறைத்துக் கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை கம்பவுண்டரிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார், நான் இருந்தது முதல் வரிசை இடது கோடி, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே என்று மட்டும். பெரிய மனசுதான். மூன்றாவதாக நான் எழுதினேன், முன்பு வந்த கடிதத்தை எழுதியவள் நான், அந்தக் கச்சேரிக்கு நான் போகவில்லை, மிக்ஸரில் இருந்தவர் என் மகன் என்பது எழுதும்போது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு என் கருத்துக்கு மதிப்பில்லை, ஆகையால் கருத்து எதுவும் சொல்லவில்லை என்று. மூன்றையும் ஒரே உறையில் வைத்து அமைப்பாளர்களுக்கும் உன் முதலாளிக்கும் அனுப்பியாகிவிட்டது. இதனால் உன் வேலை திரும்பிக் கிடைக்குமா, இல்லை அம்மாவைவிட்டு எழுத வைத்தான் என்று இன்னும் கேவலமாகுமா, எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். முதல் கடிதத்தையும் உன்னைக் கேட்டு எழுதவில்லையே.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் ஒரு அம்மாள் சேர்ந்திருக்கிறார், ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக் கொள்கிறாராம், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதற்கு நான் காரணமில்லை, அந்த அம்மாள்தான் காரணம். சின்னவளுக்கு ஆய்வகத்தில் வேலை நேரம் மாறியிருக்கிறது, காலையில் காபியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ கேபிள் தூக்கும்போது குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு, இடுப்பு பிடித்துக்கொண்டால் மிக்ஸர் கிடைத்தும் உட்கார முடியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக் கொண்டேன். முகம் தெரியாத ஒரு ஆளைப் பற்றித்தானே என்று இருந்தது. அது நீ என்று தெரிந்துதான் வலிக்கிறது, வேறு யாராவதாக இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன், அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் கண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள், கோபத்தில் சாப்பாட்டை விடாதே. மனசு போல வேலை அமைந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். மிக்ஸரோ கேபிளோ, அடுத்து நீ வேலை செய்கிற கச்சேரி எந்த ஊர், என்ன தேதி என்று எழுது. பதினோரு வருஷத்தில் ஒன்றுக்குக்கூட நான் வந்ததில்லை. வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா