மேல்வீட்டுச் சுவரில் சூடு

ஜூன் 10, செவ்வாய்

தூறல். யூனிபார்ம் காயவில்லை.

படுக்கையறைச் சுவரில் கரையான் கோடு. மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் இறங்கி வந்து பார்த்தார். ஓனர் இல்லை, ஓயாத ஓணான். அம்மாவுக்குத் தைக்கத் துணி வரும் அட்டைப் பெட்டிகளில் இருந்துதான் கரையான் வந்ததாம்.

"ஏனுங்க, வெள்ளிக்கெழம கேமரா வெச்சுப் பாக்க ஆள் வருதுங்க. உங்க பெட்டியில இருந்துன்னு தெரிஞ்சுதுன்னா ஊட்டக் காலி பண்ணிப்போடுங்க."

விரட்டும்போதும் 'ங்க'. பாகற்காய்க்குச் சர்க்கரைப் பூச்சு.

அம்மாவிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் இந்தத் தெருதான். வீடு போனால் தையலும் போச்சு.

ஜூன் 11, புதன்

போனில் படித்தது: அந்தக் கேமரா சூட்டைப் படம் பிடிக்கும். கரையான் கூடு இருந்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் சூடு.

கொஞ்சமா? என்னிடம் நிறையவே இருக்கிறது.

தேவை: அம்மாவின் இஸ்திரிப் பெட்டி. பழைய துண்டு. மாடியில் ஆள் இல்லாத இரண்டு நிமிடம்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். கேமராக்காரர் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. ஓணானும் அவரும் எங்கள் வீட்டுக்குள் இருந்தபோது நான் மாடியில். ஓணான் வீட்டு வாசல் சுவரில் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒரே அழுத்து. ஓட்டம்.

அம்மாவின் பெட்டிகளில் ஒன்றும் இல்லை. அப்புறம் எல்லோரும் மேலே. கேமரா திரையில் பளீர் மஞ்சள்.

கேமராக்காரர் சிரித்தார். "கரையான் இப்படிக் கூர்மூக்கு வெச்சுக் கூடு கட்டாதுங்க. இது இஸ்திரிப் பெட்டிங்க. பக்கத்துல பாருங்க, ஊனுன கை. அஞ்சு வெரலும் தெரியுது."

"அம்மணி, கையக் காட்டு" என்றார் ஓணான் என்னிடம். அதே அளவு.

அடுத்து அவர் வீட்டுக் கதவு நிலை. அங்கேயும் சூடு. மங்கலாக, திட்டுத் திட்டாக.

"இதுதானுங்க கூடு. இங்கிருந்துதான் கீழ எறங்கியிருக்குது. பேத்துப் பாக்கோணும்."

"தேக்குங்க அது! அதும் இவ வெச்ச சூடுதான். நீங்க கெளம்புங்க." அம்மா பக்கம் திரும்பினார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிப்போடுங்க."

கீழே வந்து அம்மா சொன்னது: "நெசத்தச் சொல்ல வந்த கேமராவையும் பொய்யாக்கிப்போட்டயே கண்ணு."

இதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி

அம்மா நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். பார்க்க முடியவில்லை. மேலே போனேன்.

"மன்னிச்சுக்கங்க மாமா. சுவத்துல வெச்சது நாந்தானுங்க. நெலையத் தொடவே இல்லீங்க. ஒருக்கா தட்டிப் பாருங்க."

"போடி கீழ."

படார். கதவைச் சாத்திவிட்டார்.

நிலையின் மேல்மூலை பிளந்து ஒரு கைப்பிடி மண் என் பாதத்தில். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நெளிகிறது.

உதறவில்லை. காலை அசைக்காமல் பெல்லை அழுத்தினேன்.