கோடு நான்தான் போடுவேன்

பெங்களூரு

அன்புள்ள சந்திரம்மாளுக்கு,

காசி எழுதுகிறேன், என் கையாலேயே. மூன்று நாளாக எழுதுகிறேன். நான் நலம். உன் முட்டிவலி கம்மியாச்சா?

செழியன் வாத்தியார் தவறிய செய்தி கேட்டு சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "அவரு உனக்கு என்ன உறவு?" என்று கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். அதைத் தள்ளிவிட்டு, "அவர் கபடி மைதானத்துக்கு இருபது வருஷம் கோடு போட்டவன்" என்று நானே படிவத்தில் எழுதினேன்.

"இதெல்லாம் ஒரு உறவாய்யா? லீவு கிடையாது."

"கேக்கலீங்க. வரமாட்டேன்னு சொல்றேன்."

மகளை வேப்பமரத்துத் தூளியில் ஆட்டிக்கொண்டே பெண்பிள்ளைகளுக்கு விசில் ஊதிய மனுஷன் நம்ம வாத்தியார். "நேரா கோடு போடுற கைக்கு எழுத்து வராதா காசிண்ணே?" என்று சுண்ணாம்புத் தூளிலேயே என் பேரை எழுதப் பழக்கினார்.

பதினாறாம் நாள் அவர் நினைவாக நடக்கும் ஆட்டத்துக்கு வந்தே தீருவேன். சுண்ணாம்பைச் சலித்து வை. என் பழைய போர்வையையும் துவைத்து வை. வேலை மிச்சமிருந்தால் திரும்பும்போது எடுத்துவருவேன். இங்கே குளிர் ஜாஸ்தி, பேச்சுத்துணை கம்மி.

நான் வரும்வரை யாரும் கோடு போடக் கூடாது என்று வாத்தியார் மகளிடம் சொல். போட்டிருந்தால் அழித்துவிட்டுப் போடுவேன்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். மருமகள் உனக்குப் படித்துக்காட்டி முடித்ததும் காகிதத்தை நீ வாங்கி வைத்துக்கொள். கீழே இருப்பது என் பேர்.

காசி