பவளத்துக்குச் சுற்றிய சாம்பிராணி

முனீஸ்வரர் துணை

சுங்கை பெசார்

அன்பு மகன் பவனேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டு, நன்றாகவே இருக்கிறோம். நீயும் அந்த ஆக்லாந்து குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் நான் நாலு வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறாய், அதனால் தாளில் எழுதி, அதை அப்பாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். விஷயம், நீ ஹாலில் உப்புத் தண்ணீரில் உயிர்ப் பவளம் வளர்த்து எங்களிடம் விட்டுப் போன அந்தக் கண்ணாடித் தொட்டி. போன மாதம் நீ போனில், பவளமெல்லாம் சுருங்கிக்கொண்டே போகிறது, உங்களால் முடியாதும்மா, ராவாங்கில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் சுகுமாறன் மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று சொன்னாயே, அன்றைக்குப் போனை வைத்துவிட்டுத் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நீ போன் பண்ணினால் சாப்பிட்டீர்களா என்று கேட்பாய், அத்தோடு சரி. பவளத்தைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும்தான் நேரம் போவது தெரியாமல் பேசுவாய், சிரிப்பாய். தொட்டி போய்விட்டால் பிள்ளை என்னோடு எதைப் பேசுவான் என்று பயந்துவிட்டேன்.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்தோம். தண்ணீர் வற்றினால் உப்பில்லாத வடிகட்டிய தண்ணீரைத்தான் ஊற்றினோம், மீனுக்கு அளந்துதான் தீனி போட்டேன், விளக்கும் நேரத்துக்கு எரிந்தது. கோளாறு எங்கே ஆரம்பித்தது என்றால், பக்கத்து வீட்டுப் புஷ்பா ஒருநாள் வந்து, நடுவில் விரல் விரலாக நீட்டி ஆடும் அந்தப் பச்சைப் பவளத்தைப் பார்த்து, பட்டு மாதிரி இருக்கு லா அக்கா என்று கண்ணை விரித்துச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே அது விரலை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றைக்கு அப்பா தொட்டியில் தண்ணீர் மாற்றியதற்கு அது சும்மா முகத்தைச் சுளித்திருக்கும், எனக்கு என்ன தெரியும், கொள்ளிக்கண் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை தூபக்காலில் சிரட்டைக் கரியைப் போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டி, தொட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நன்றாகப் பிடிக்கட்டும் என்று தண்ணீரின் அழுக்கை நுரையாக எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பவளம் இன்னும் சுருங்கியது. நானும் விடவில்லை, செவ்வாய்க்கிழமையும் சேர்த்துப் போட்டேன். ஒருநாள் காய்ந்த மிளகாயையும் போட்டதில் அப்பா இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். பாவம், பவளம் எங்கே ஓடும்.

இதற்கிடையில் உலு யாமில் உன் லீலாவதி பெரியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று நான் துணைக்குப் போய் இருந்தேன். பெரியம்மா இப்போது கம்பை ஊன்றி நடக்கிறாள், உன்னைக் கேட்டாள், ஒரு போன் போட்டுப் பேசு. நான் திரும்பி வந்து பார்த்தால் வீடு முழுக்க அப்பா சாப்பிட்டுப் போட்ட சார்டின் மீன் டின், தொட்டியில் பச்சைப் பவளம் பழையபடி விரித்து ஆடுகிறது! என்ன செய்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "நான் ஒண்ணும் செய்யல விமலா, நீ வீட்டுல இல்ல, அவ்வளவுதான்" என்றார். எனக்கு வந்ததே கோபம், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி தூபக்காலைக் கொண்டுபோய்க் குனிந்து வைக்கிறேன், புகை மேலே போகவில்லை, வளைந்து நூல் மாதிரி அந்த மெஷினின் சின்னக் குழாய்க்குள் போகிறது. அது வெளிக்காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது என்று நீ அப்போதே சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை. தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எது நல்லது என்று நினைத்துச் சுற்றினேனோ அதையே பவளத்துக்கு மூச்சாகக் கொடுத்திருக்கிறேன். அப்பா குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடலாம் என்றார். வெளியே அறுப்பு முடிந்து வைக்கோல் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையும் ஆகாது. அதனால் இப்போது சாம்பிராணி பின்கட்டில் சாமி படம் வைத்திருக்கும் தட்டுக்கு மட்டும்தான், அதுவும் ஹால் கதவைச் சாத்தி, புகை அடங்கும்வரை மெஷினை நிறுத்திவிட்டு. தண்ணீரைச் சுத்தம் பண்ணும் கரிப் பையையும் மாற்றியாகிவிட்டது. புஷ்பாவுக்கு வடை சுட்டுக் கொடுத்து, வந்து பார் என்று நானே கூப்பிட்டேன். நான் அவளை என்ன நினைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது, நீ உளறிவைக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் பெட்டிகளோடு வந்தார். பார்த்துவிட்டு அவரே சிரித்தார். பச்சைப் பவளத்தில் புதிதாக ஒரு தலை பிரிகிறதாம், கொஞ்சம் பெரிதானதும் அறுத்து வேறு கல்லில் ஒட்டலாமாம், நான் வந்து செய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் மகன் செய்வான் என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, வெறும் பெட்டிகளாகவே திருப்பி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள், பரவாயில்லை, கோபித்துக்கொள்ளவாவது போன் பண்ணு. ரொட்டியைத் தின்றே பொழுதை ஓட்டாமல் ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. வேலை இடத்தில் யார் என்ன சொன்னாலும் மனதில் போட்டுக்கொள்ளாதே. முனியாண்டி உன் முன்னும் பின்னும் காவலாக நிற்கட்டும், என் ராசா நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. மகன் எப்போது வருவான் என்று சுகுமாறன் கேட்டார். தீபாவளிக்கு வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா விமலா