பதினாறில் நின்றுவிட்ட அண்ணைக்கு

என் ஆருயிர் அண்ணைக்கு, முந்நூற்றுநாலு சீட்டாட்டத்தில் எனக்கு எதிர்க்கதிரைச் சோடிக்கு,

உங்கள் தம்பி எழுதுகிறேன். மேற்கு டென்மார்க்கின் சீட்டுச் சக்கரவர்த்தி. இக்காஸ்டில் இருந்து சிரித்த ஒரு சிரிப்பில் ஹெர்னிங் வரைக்கும் உள்ள மாடுகளைப் பால் மறக்கச் செய்தவன். நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்களிடம் பொய் சொல்லி நான் எப்போது தப்பியிருக்கிறேன்? நேரே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை.

சாதாரணப் பயம் இல்லை. தும்மப் பயம். இருமப் பயம். அரிசி மூட்டையைக் காரிலிருந்து தூக்கப் பயந்து, "அதுவும் நாலு இடம் பாக்கட்டும்" என்று என் மனிசி பரமேஸிடம் சொல்லிவிட்டு ஊரெல்லாம் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். டென்மார்க்கிலேயே அதிக தூரம் பயணம் செய்த பச்சையரிசி அதுதான். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கடைசியாக, சிரிக்கவும் பயம் வந்துவிட்டது. நான் சிரிக்கப் பயந்தால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது.

அறுபத்தைந்து வயது ஆண்களுக்கு வயிற்றை ஸ்கான் செய்ய அழைப்பு வருமே, அதற்குத்தான் நீங்களும் போனீர்கள். நெஞ்சிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாய் ஓரிடத்தில் வீங்கியிருக்கிறது, வெடித்தால் ஆள் தப்பாது, முன்கூட்டியே ஒப்பரேஷன் செய்வோம் என்றார்கள். "நோகேல்லைத்தானே, கிடக்கிறபடி கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். எங்களிடம் அதைச் சின்ன வீக்கம் என்றீர்கள். போன மாரியில் கடை வாசலில் சாமான் வண்டிலைப் பிடித்தபடி விழுந்தீர்கள், எழும்பவில்லை. வண்டிலில் பாணும் பாலும் ஒரு முட்டைக்கோவாவும் இருந்தன. அந்தக் கோவாவை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

இப்போது என் முறை. விபோர்க் ஆஸ்பத்திரியில், குளிர்ந்த ஜெல்லை என் வயிற்றில் பூசிய டாக்டர்ப் பிள்ளைக்கு நான் பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வயிற்றுக்குள் மூன்று தலைமுறைச் சோறு பத்திரமாக இருக்கிறது, கவனமாகத் தேடு என்றேன். அவள் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அண்ணை, என் பகிடிக்கு நடுவில் ஒருவர் சிரிப்பை நிறுத்தியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

சின்னதென்றால் வருடத்துக்கு வருடம் அளந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். என்னுடையது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்றாள். ஒப்பரேஷனிலும் ஆபத்து உண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். சும்மா விட்டால் அதைவிடக் கூட ஆபத்து. உங்கள் அண்ணருக்கும் இருந்ததென்றால் இன்னும் கவனம். யோசித்து இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள் என்றாள்.

நான் யோசிக்கவில்லை. பயந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. இரவில் படுத்தால் தொப்புளுக்கு மேலே துடிப்புக் கேட்கும். யாரோ உள்ளே இருந்து விரலால் தட்டுவது போல. உங்களுக்கும் அப்படிக் கேட்டதா? கேட்டும் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அப்படி இருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் சிந்து வந்தாள். அவளுக்கு ஓகூஸ் நகரில் ஹோட்டலில் வேலை என்று நீங்கள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தீர்கள். கசினோ அந்த ஹோட்டலுக்குள்ளேதான் இருக்கிறது, ஆகவே பொய்யல்ல என்பது உங்கள் வாதம். இந்தக் கடிதம் எங்கள் சங்க மலரில் வரப்போகிறது அண்ணை. அவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். உங்கள் மகள் கசினோவில் சீட்டுப் போடுகிற டீலர். அவள் சீட்டுக் கலைக்கும் அழகைப் பார்த்தால் விசிறி விற்பவன் கடையைப் பூட்டிவிடுவான்.

"பிள்ளை, உன்ர வேலையை ஒருக்காக் காட்டு பாப்பம். ஆனா நான் ஆரெண்டு தெரியும்தானே? சீட்டிலை நான் பிறவிச் சிங்கம்" என்றேன். பயத்தை மறக்க ஏதாவது வேண்டியிருந்தது.

குசினி மேசையில் காசுக்குப் பதிலாக வறுத்த கச்சான் கடலையை வைத்தோம். முதலில் போக்கர். அது எனக்காகவே கண்டுபிடித்த ஆட்டம். கையில் குப்பையை வைத்துக்கொண்டு கோட்டை இருப்பதாக முகம் காட்டினால் போதும். எதிரி பயந்து சீட்டை மடித்துவிடுவான். ஒன்றுக்கும் உதவாத சீட்டோடு அவளுடைய கச்சான் முழுவதையும் பிடுங்கினேன்.

"பிள்ளை, உன்ர சித்தப்பன் காசைக் கடிச்சுத் தின்னுறார்" என்று பரமேஸ் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

அடுத்தது பக்கரா. ஒன்பதுக்குக் கிட்ட வருகிற பக்கம் வெற்றி. பந்தயத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உன் வேலை; சீட்டு எடுக்கிறதா விடுகிறதா என்பதை விதியே சொல்லிவிடும். "சமன் எண்ட இடத்திலை மட்டும் வைக்காதேங்கோ, அது ஆசை காட்டுற குழி" என்றாள் சிந்து. முடிவெடுக்க ஒன்றும் இல்லாத ஆட்டம். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? என் வயிறும் பக்கராவாக இருந்திருக்கக்கூடாதா?

மூன்றாவது பிளாக்ஜாக். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகவேண்டும். தாண்டினால் உடைந்தாய், அவ்வளவுதான். ஜாக், ராணி, ராசா எல்லாம் பத்து. ஏஸ் ஒன்றாகவும் நிற்கும், பதினொன்றாகவும் நிற்கும். சோடி கிடையாது. பக்கத்தில் எத்தனை பேர் இருந்தாலும் நீ தனியாக டீலரோடுதான் விளையாடுகிறாய்.

எனக்கு வந்தது ஒரு ஜாக். நான் எழும்பிக் கத்தினேன். முந்நூற்றுநாலில் ஜாக் முப்பது, எல்லாச் சீட்டையும் அடித்துத் தின்னும். அவளுக்கு முன்னால் திறந்து கிடந்தது ஒரு ஏழு. எங்கள் ஆட்டத்தில் ஏழுக்கு மதிப்பே இல்லை. சீட்டுக் கட்டின் பிச்சைக்காரன். எனக்கு அடுத்த சீட்டு ஆறு. பதினாறு.

"எடுக்கிறியளோ, நிக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"நிக்கிறன். உந்த ஏழுக்கு ஆர் பயப்படுவான்?"

"வாயாலை சொன்னா எங்கட மேசையிலை செல்லாது சித்தப்பா. கையாலை காட்டோணும். சீட்டு வேணுமெண்டா விரலாலை மேசையைத் தட்டுங்கோ. வேண்டாமெண்டா உள்ளங்கையை விரிச்சு இப்பிடி ஆட்டுங்கோ. மேல இருக்கிற கமராவுக்குக் காது இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் மூக்கைத் தொட்டால் ஜாக், காதைத் தொட்டால் ஒன்பது. நாங்கள் களவாகச் செய்ததை அங்கே சட்டமாக வைத்திருக்கிறார்கள் அண்ணை!

நான் கையை ஆட்டவில்லை. பழக்கதோஷத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். எந்த முகத்திலும் சீட்டு வாசிப்பவன் அல்லவா நான்? அது உங்களுடைய முகம். அதே நெற்றி, அதே மூக்கு. ஒன்றும் தெரியவில்லை.

"என்ர முகத்தைப் பாக்காதேங்கோ. எனக்கும் தெரியாது. என்ர ரெண்டாவது சீட்டு இன்னும் கட்டுக்குள்ளதான் கிடக்கு. டீலருக்கு விருப்பம் எண்டு ஒண்டும் இல்லை சித்தப்பா. பதினாறு வரைக்கும் எடுக்கோணும், பதினேழிலை நிக்கோணும். எதிரிலை இருக்கிறது கடவுளெண்டாலும் அப்பிடித்தான்."

அதைக் கேட்டபோதுதான் அண்ணை எனக்கு விளங்கியது. பகிடி, பொய், முகச்சாடை, மூக்குச் சொறிதல், ஒன்றுக்கும் அசையாத ஒருவருக்கு முன்னால் நான் இருக்கிறேன். இப்படிப்பட்ட ஒன்றுதான் என் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது. அதற்கு என்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"நிண்டா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"டீலரிட்டை ரெண்டிலை இருந்து ஆறுக்குள்ள கிடந்தா, பதினாறிலை நிக்கிறதுதான் சரி. டீலர் உடையட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கலாம். ஏழிலை இருந்து மேலயெண்டா நிக்கக்கூடாது. கட்டிலை பத்துத்தான் கூட. ஏழுக்குப் பின்னால பத்து வந்தாப் பதினேழு. உங்கட பதினாறு செத்துப்போச்சு."

"எடுத்தா உடைஞ்சிடுமே?"

"ஓம். கூடுதலா உடையும். எண்டாலும் நிக்கிறதை விட எடுத்தாத்தான் குறைவாத் தோப்பியள். அவ்வளவுதான், வெல்லுவியள் எண்டு நான் சொல்லேல்லை."

"பிறகேன் ஆக்கள் நிக்கினம்?"

அவள் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். "நிண்டு தோத்தா, டீலர் அடிச்சிட்டான் எண்டு சொல்லலாம். எடுத்து உடைஞ்சா, தன்ர கையாலை உடைஞ்ச மாதிரி இருக்கும். அந்தப் பயம். நல்ல நல்ல விளையாட்டுக்காரரெல்லாம் அதிலைதான் நிக்கிறவை." பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பாவும் நிண்டவர்."

பரமேஸ் அடுப்பை நூர்த்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

"நான்தான் அப்பாவை டாக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான். டாக்டர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் தமிழிலை சொன்னனான். பிள்ளை நீ என்ன சொல்லுறாய் எண்டு அப்பா கேட்டவர். உங்கட விருப்பம் அப்பா எண்டன். மேசையிலை நாங்கள் ஆலோசனை சொல்லுறேல்லை. அதே பழக்கம்."

அண்ணை, இதை நீங்கள் என்னிடம் சொல்லவேயில்லையே. அன்று அவள் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றுதான் நான் அவளிடம் சொன்னேன். அது உண்மையா?

அதன் பிறகு என் வாய் தானாகத் திறந்தது. விபோர்க், ஜெல், நின்றுபோன சிரிப்பு, எல்லாம் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, உங்கள் மேல் ஆணை. பரமேஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உதுக்கோ அரிசியை ஊர்வலம் கொண்டுபோனீங்கள்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

சிந்து அழவில்லை. கட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தாள். "இப்ப நான் டீலர் இல்லை, உங்கட மகள். எடுங்கோ சித்தப்பா" என்றாள். நான் வாய் திறக்க, "நை, நை" என்று டேனிஷில் மறித்தாள். "கதை சொல்லாதேங்கோ. தட்டுங்கோ."

தட்டினேன். விரல் நடுங்கியதால் ஒருதரம் தட்டியது நாலுதரம் தட்டியது போலக் கேட்டது.

அவள் கட்டை இழுத்து மேல் சீட்டைத் திருப்பினாள். ராணி. இருபத்தாறு. உடைந்தேன்.

நான் ராணியைப் பார்த்தேன். ராணி என்னைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் சீட்டு மாறிவிட்டது, வெளிச்சம் சரியில்லை, இது டென்மார்க் அரச குடும்பத்தின் சதி என்று பெரிய வழக்கே தொடுத்திருப்பேன். அன்று கச்சானை அவள் பக்கம் தள்ளினேன். சிந்து என் கச்சானைக் கூட்டி அள்ளினாள்.

"சரியா விளையாடினியள்" என்றாள்.

"தோத்திட்டனே பிள்ளை!"

"ஓம். சரியா விளையாடித் தோத்தனீங்கள். அடுத்த முறையும் இப்பிடித்தான் விளையாடோணும்."

அந்த ராணி ஒரு நல்ல ஐந்தாக வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எவ்வளவு இலேசாக எழுதியிருப்பேன்! சகுனம் என்றிருப்பேன். வரவில்லை. என்ன சீட்டு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

திங்கட்கிழமை விபோர்க்குக்குப் போன் எடுத்தேன். பக்கத்தில் சிந்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இருந்தாள். பரமேஸ் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் போனுக்குள்ளால் ஓடிவிடுவேன் என்பது போல. என்ன முடிவு என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள். "யா" என்றேன், ஓம் என்று. என் வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சொல் அதற்கு முன் வந்ததில்லை. போனுக்குக் கண் இல்லை என்று தெரிந்தும் மேசையைத் தட்டினேன்.

வருகிற கிழமை என்னை வெட்டுகிறார்கள். பயம் போகவில்லை அண்ணை. கூடியிருக்கிறது. இதை எழுதும்போதும் கால் நடுங்கி, மேசை நடுங்கி, பக்கத்து வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று வெளியே ஓடிவந்திருப்பார். ஆனால் இப்போது பரமேஸுக்குத் தெரியும். சிந்துவுக்குத் தெரியும். இதை வாசிக்கிற, ஸ்கான் அழைப்பைப் பார்க்காமல் விட்டிருக்கிற என் வயதுச் சிங்கங்களுக்கும் தெரியட்டும். சிந்து அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். உங்கள் மூக்கும் காதும் பேசுகிற பாஷை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று விபோர்க்கிலிருந்து திரும்பி வந்து என்னோடு தேநீர் குடித்தீர்களே, அப்போது ஏன் இரண்டையும் தொடவில்லை? பயமென்றால் தொட ஓர் இடம் நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை என்பதாலா?

அதனால் இந்த வாக்கு. ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் சிந்துவின் கையைப் பிடித்து, பயமாயிருக்கிறது பிள்ளை என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். கண்ணைத் திறந்தால், அவளை என் எதிர்க்கதிரையில் இருத்தி முந்நூற்றுநாலு பழக்குவேன். பயத்துக்கும் ஒரு சாடை பேசி வைப்போம். திறக்காவிட்டால், நீங்கள் எனக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள், சண்டை பிடிக்க நிறைய இருக்கிறது.

தட்டிவிட்டேன் அண்ணை. சீட்டு இன்னும் திரும்பவில்லை.

மேசையிலிருந்து விரலை எடுக்காமல் இருக்கும்,
உங்கள் ஒரே தம்பி