நீ எழுதிய வாசகம் மறுபடியும் சுவரில்

இன்று காலை பவானிபூரில் மெட்ரோ படியேறி வெளியே வந்ததும் மைதாப் பசையின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. சுவர் முழுக்க ஈரம் காயாத புதுச் சுவரொட்டிகள். நம் கட்சிச் சின்னத்துக்குக் கீழே வங்காள மொழியில் பெரிய எழுத்து: ஏழை மாணவர்களை அரசுச் செலவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவோம். நீ எழுதிய வாசகம். ஒரு சொல்கூட மாறவில்லை.

கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் அடுத்தடுத்த வீடு. உன் அப்பா ஃபிட்டர், என் அப்பா கிளார்க். கல்லூரியில் படிக்கும்போது அரசு உதவியில் மாணவர் பரிமாற்றத்துக்காக நீ ஜெர்மனி போனாய். திரும்பி வந்த அன்று பனியைப் பற்றி நான் கேட்டதெல்லாம் உன் காதிலேயே விழவில்லை. "கிரேன் ஓட்டுறவர் மகன் என் பக்கத்துல உக்காந்து படிச்சான்டி. நான் ஃபிட்டர் மகள்னு சொன்னப்ப அவன் ஆச்சரியப்படவே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். உன்னைப் போல இன்னும் பல பிள்ளைகள் போக வேண்டும் என்பதுதான் நீ கட்சிக்கு வந்த காரணம். உன் பின்னால் நானும் வந்தேன்.

கல்விக் குழுவில் மாதக்கணக்கில் வாதாடி அந்த வாசகத்தைத் தேர்தல் அறிக்கையில் ஏற்றினாய். தெருமுனைகளில் தொண்டை கட்டும்வரை பேசினாய். ஊரார் வரிப்பணத்தில் உல்லாசப் பயணமா என்று எதிர்க்கட்சி கேலி செய்தது. தோற்றோம். தோல்விக்குக் காரணம் தேடியவர்களுக்கு உன் வாசகம் கையில் அகப்பட்டது.

தோல்வியை அலசிய கூட்டத்தில் நானும் இருந்தேன். மாவட்டச் செயலாளர் நிதானமாகத்தான் தொடங்கினார். "இங்க ஸ்கூலுக்கு கூரை இல்ல. ஃபாரின் அனுப்பக் காசு கேட்டா ஜனங்க சிரிக்கிறாங்க. அப்படியே அனுப்பினாலும் போறவங்க யார் திரும்பி வர்றாங்க?"

நீ எழுந்தாய். "நான் வந்தேனே."

"கூரையும் போடுவோம், பிள்ளைங்களையும் அனுப்புவோம். ரெண்டுல ஒண்ணுதான் நமக்குன்னு யார் முடிவு பண்ணது?" என்றாய். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. அந்தத் திட்டத்துக்குப் பொதுப்பணம் கூடாது என்பது கட்சியின் நிலைப்பாடு ஆனது. எதிர்த்து உயர்ந்த கைகள் உன்னுடையதும் என்னுடையதும்தான். அடுத்த கூட்டத்துக்கு உனக்கு அழைப்பு வரவில்லை.

அதற்குள் புற்றுநோய் உன் மார்பிலிருந்து எலும்புக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் நீ தலையைத் தூக்கிப் பார்ப்பாய். யாரை எதிர்பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். "செத்தா கட்சிக் கொடி போத்துவாங்கல்ல?" என்று ஒருநாள் கேட்டாய். போர்த்துவார்கள் என்றேன்.

மயானத்தில் மழையில் காத்திருந்தேன். கட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, வண்டி கிடைக்கவில்லை என்றார்கள். உன் தம்பி என் முகத்தைப் பார்த்தான். இனிக் காத்திருக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெறும் வெள்ளைத் துணியோடு உள்ளே போனாய்.

இந்த முறை எதிர்க்கட்சியே அந்த வாக்குறுதியைத் தந்துவிட்டதாம். அதனால் நம்மவர்களுக்கும் உன் வாசகம் தேவைப்பட்டிருக்கிறது. மதியம் செயலாளரே போன் செய்து அக்கா முறை வைத்துப் பேசினார். "தமிழ்க் குடும்பங்கள்ல உங்களைத் தெரியும் தீதி. மேடையில நீங்க பேசணும்."

"இதை எழுதினது அவதான்னு சொல்லலாமா?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

மாலையில், எங்கள் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்னை நிறுத்தினார். "நெசமாவே அனுப்புவாங்களாக்கா? எம் மவ இந்த வருசம் காலேஜ் முடிக்கா."

அவர் முகத்தில் இருந்த ஆசை என்னை என்னவோ செய்தது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குப் பொய் வரவில்லை.

"நம்பாதீங்க அண்ணாச்சி. ஆனா ஓட்டு கேக்க வரும்போது விடாதீங்க. தெருவுல எல்லாரும் பாக்க, எப்போ அனுப்புவீங்கன்னு கேளுங்க. நானும் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் துவரம்பருப்பு நிறுக்கப் போனார்.

நம்பிக்கையை உன்னோடு சேர்த்து அன்றே எரித்துவிட்டேன். கேட்கிற வாய் மட்டும் இன்னும் இருக்கிறது.