என் வண்டிக்கு வந்த மரண ஓலை

நவம்பர் 6, வியாழன்

வண்டியைக் கள்ளக்குறிச்சி கம்பெனி சர்வீசில் விட்டுவிட்டு, பேரரசனாகிய நான் பேருந்தில் நின்றுகொண்டே சங்கராபுரம் திரும்பினேன். எஞ்சின் ஆயில் மாற்ற மட்டும்தான். பதினேழாம் தேதி அக்கா மகள் அபிநயா வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர வேண்டும். ராத்திரி டூட்டி முடிந்து மலையிலிருந்து இறங்கப் பேருந்து தோதுப்படாது. அதனால் வண்டி இனி அவளுக்கு என்று வாயாலேயே சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லேசுப்பட்ட வண்டியா அது? கோமுகி ஆற்றில் வெள்ளம் வந்தாலும் எதிர்நீச்சல் போட்டுக் கரையேறும். போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நாலு டயரும் புதுசாகப் போட்டேன். எதிர்வீட்டு சின்னதுரைதான் எங்கள் வாசலிலேயே கழற்றி மாட்டினார். சக்கரங்கள் கழன்று கிடந்த நேரம் பார்த்து, மாட்டுப் பொங்கலில் கொம்புக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டோடு கீழே படுத்துவிட்டேன். மஞ்சளில் வட்டம், நடுவில் சிவப்பு. கைக்கு எட்டிய இடமெல்லாம் பொட்டு. குங்குமம் வைத்தால் முதல் மழையில் போய்விடும் இல்லையா. டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அக்கா தங்கமணி, "வண்டிக்குப் பூஜையா, வளைகாப்பாடா?" என்று கேட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

சர்வீஸ்காரர்கள் எனக்குப் போன் செய்யவில்லை. அவர்களிடம் இருப்பது அக்கா நம்பர் — என் போன் கிணற்றில் விழுந்த சமயத்தில் நானே கொடுத்தது. அட்வைசராம். அஜித்குமாராம். அரை மணி நேரம் அக்காவிடம் என் வண்டிக்கு ஒப்பாரி வைத்திருக்கிறான். நாலு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் கசிகிறதாம். பிரேக் தேய்ந்துவிட்டதாம். எஞ்சினுக்குள் கழுவ வேண்டுமாம், ஏசிக்குள் கழுவ வேண்டுமாம், அடிப்பக்கம் பூச்சு பூச வேண்டுமாம். ஹாரனை மட்டும் ஏனோ உயிரோடு விட்டிருக்கிறான். அவன் கேட்ட தொகைக்குக் கல்வராயன் மலையையே வாங்கி, பட்டா மாற்றி, சுற்றி முள்வேலியும் போடலாம்.

அதைக்கூட மன்னிப்பேன். கடைசியாக ஒன்று சொன்னானாம்: "மலை ஏறுற வண்டிங்க மேடம். வளைவுல கன்ட்ரோல் போச்சின்னா நாங்க பொறுப்பில்ல."

அக்கா, அபிநயாவின் வேலை உத்தரவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பொண்ணு உசுரோட வூட்டுல இருக்கட்டும்."

ஒரே ஒரு போன். அந்தப் பிள்ளை மூன்று வருஷம் காத்திருந்து வாங்கின வேலை.

நவம்பர் 8, சனி

அபிநயா சாப்பிடவில்லை. அக்காவும் சாப்பிடவில்லை. மூன்று பேர் சோற்றையும் நானே தின்றேன். கோபம் தணியவில்லை, வயிறுதான் வலிக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

"மாமா, நெஜமாவே வண்டி அப்படித்தான் இருக்குதா?" என்றாள் அபிநயா.

உன் மாமன் கைபட்டால் மாட்டு வண்டிகூட விமானமாகும் என்று அளந்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஸ்டியரிங்கில் அந்தப் பிள்ளை — சே. இன்னாத்துக்கு இப்படியெல்லாம் நினைக்கிறேன்? இதற்குத்தான் கோபம். பணம் கேட்டதற்கு இல்லை. என் வண்டியை நானே சந்தேகப்படும்படி செய்துவிட்டான், படுபாவி.

நாளைக்குக் கள்ளக்குறிச்சியில் பூகம்பம். அக்காவும் வருகிறாளாம். அந்தப் பையன் சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டுமாம்.

நவம்பர் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எனக்குப் பெருமை இல்லாவிட்டாலும்.

ஏசி அறை, சோபா, காகிதக் கோப்பையில் காப்பி. நான் உட்காரவில்லை. நின்றபடி பிரசங்கம் செய்தேன். நுகர்வோர் கோர்ட்டில் தொடங்கி ஐக்கிய நாடுகள் சபை வரை இழுப்பேன் என்றேன். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். அஜித்குமார் அசரவில்லை. டென்ஷன் ஆக வேண்டாம் என்று சொல்லி, டேப்லெட்டை என் முன்னால் நீட்டினான். கறுப்பாக எண்ணெய் வடியும் ஷாக் அப்சார்பர் படம்.

"உங்க வண்டியேதான் சார். நாங்களே எடுத்தது."

சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் எண்ணெய் வடிகிறதே. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அபிநயாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேப்லெட்டை வாங்கினாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இன்னாப்பா, பொட்டு எங்க?"

"எந்தப் பொட்டு மேடம்?"

"இவன் கீழ படுத்துக்கினு வெச்ச பொட்டு. நான்தான் டப்பாவப் புடிச்சிக்கினு நின்னேன். மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்டு, தொடச்சாலும் போவாது."

அது வேறு பக்கத்து ஷாக் அப்சார்பராக இருக்கும் என்றான்.

"நாலுலயும் வெச்சான். வண்டியத் தூக்கு, நான் பாக்கணும்."

கஸ்டமர் உள்ளே வரக் கூடாதாம். அக்கா எழுந்து போய் அவனுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கும் வரைக்கும் இங்கேதான் என்றாள். பக்கத்துச் சோபாவில் மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி ஒருவர் காப்பியைக் கீழே வைத்தார். "எனக்கும் இதே படத்தத்தாம்மா காட்னான்."

தூக்கினார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். நாலு ஷாக் அப்சார்பர், நாலு பொட்டு. மேலே சேறு படிந்திருந்ததே தவிர, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பிரேக்கையும் அளக்கச் சொன்னாள் அக்கா. பாதிகூடத் தேயவில்லை. வண்டியை இன்றைக்குத்தான் முதல்முதலாகத் தூக்குகிறார்கள் என்று அவர்கள் முழித்த முழியிலேயே தெரிந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். அது மாதிரிக்காக வைத்திருக்கும் படமாம், தவறுதலாகக் காட்டிவிட்டார்களாம். வண்டியை இலவசமாகக் கழுவித் தருகிறாராம்.

"வண்டியக் கழுவ வேணாம்," என்றாள் அக்கா. கத்தவில்லை. "பொண்ணு உசுரச் சொல்லி பயமுறுத்துச்சே, அந்த வாயக் கழுவுங்க."

என் பிரசங்கத்தில் அவர்கள் ஏற்கெனவே நிலைகுலைந்திருந்தார்கள் என்றுதான் சரித்திரம் எழுதும். நான் எழுதுவேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பீரோ திறந்திருக்கிறது. உத்தரவு சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அபிநயா காலையில் ஆறு தோசை.

எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. பொட்டு வைக்காத வண்டிக்காரன் என்ன செய்வான்? அவன் வீட்டில் எந்த உத்தரவு பீரோவில் கிடக்கிறதோ?

நவம்பர் 17, திங்கள்

அபிநயா ஓட்டினாள். முன் சீட்டில் அக்கா. பின் சீட்டில், மடியில் சாப்பாட்டுக் கேரியரோடு, நாடிழந்த மன்னனாக நான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கால் இன்னும் வலிக்கிறது.

பாதி மலையில் முன்னாலிருந்து பேச்சே இல்லை. அக்கா பயத்தில் உறைந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவு வந்தது. ஹாரன் அடி என்றேன்.

"மெதுவாத்தான் போறேன் மாமா. நீங்க கத்தாதீங்க, அம்மா தூங்கறாங்க."